இருநூற்றுப் பதினான்கு ‘என்றால்’

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். யார் பத்து வரி எழுதிக் கொடுத்தாலும் அதில் நாலு வரியை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். சேர்ந்த ஆறாவது மாதம் யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டது, நாலு வருஷத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனம் அது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போகும் இடங்கள். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, எந்தப் படுக்கை, எந்த இயந்திரம் என்று வாரா வாரம் அட்டவணை போட்டுக் கொடுப்பதுதான் அந்த மென்பொருளின் தலையாய வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். நிரலில் உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனையும், அதாவது ஒரு வேலைக்கென்று தனிப் பெயர் வைத்து எழுதிய ஒவ்வொரு துண்டையும், அது படித்துப் பார்த்து, எவ்வளவு சிக்கலானது என்று ஓர் எண் போட்டுக் கொடுக்கும்.

“ரொம்ப சிம்பிள்,” என்றார் மேலாளர். “ஒண்ணுல ஆரம்பிக்கும். ‘இப்படி இருந்தா இது, இல்லன்னா அது’ன்னு பாதை பிரியற ஒவ்வொரு இடத்துக்கும் ஒண்ணு கூட்டும். பத்துக்குள்ள இருந்தா நல்ல பிள்ளை. பதினஞ்சு வரைக்கும் பொறுத்துக்கலாம். அதுக்கு மேல போனா படிக்கிறவன் தலை சுத்தி விழுந்துடுவான்.”

திரையில் பட்டியல் வந்தது. பெரிய எண் மேலே, சின்னது கீழே. முதல் வரியில் சிவப்பாக நின்றது ‘நேரம் ஒதுக்கு’ என்ற ஃபங்ஷன். அதன் எண் இருநூற்றுப் பதினான்கு.

அறை முழுக்கச் சிரிப்பு. “இது ஃபங்ஷன் இல்ல சார், ஊர்வலம்!” என்றது பின்வரிசை.

மேலாளருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “யார் பெத்த பிள்ளைப்பா இது? கத்தரி, நீங்க திறந்து பாருங்க. எழுதினவர் பேர் இருக்கும்ல.”

கத்தரி திறந்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் மேலாளரின் பெயர், இனிஷியலோடு.

சிரிப்பு அப்படியே அடங்கியது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பெயர் மாறவில்லை.

“நான் பெத்ததுதான் போல,” என்றார். “அப்ப எனக்குத் தலையில முடிகூட இருந்துச்சு.” எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், இந்த முறை கொஞ்சம் ஜாக்கிரதையாக. “கத்தரி, இது உங்க பொறுப்பு. இந்த மாசத்துக்குள்ள எல்லாம் பதினஞ்சுக்குள்ள வந்துடணும். என்னோடதாச்சேன்னு தாட்சண்யம் பாக்காதீங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது கணவனுக்கு ‘ஃபங்ஷன்’ என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது. அவன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். “உங்க ஆபீஸ்ல தினமும் ஃபங்ஷன்தான். ஒரு நாளாவது சாப்பாடு போடறாங்களா?” என்றான். இது அவன் நூறாவது முறை சொல்லும் நகைச்சுவை. எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்பது வேலைநாளில் கத்தரி வேலையை முடித்தாள். ஆயிரத்து இருநூறு வரி நீண்டு கிடந்ததை, எங்கெல்லாம் வெட்ட வசதியாக இருந்ததோ அங்கெல்லாம் வெட்டி, முப்பத்தோரு சின்ன ஃபங்ஷன்களாக ஆக்கினாள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். எதுவும் பதினான்கைத் தாண்டவில்லை. இருந்த சோதனைகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள், எல்லாம் தேறின. கருவி பட்டியலைப் பச்சையாகக் காட்டியது. மேலாளர் அந்த வரைபடத்தை அச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். இருநூற்றுப் பதினான்கிலிருந்து பதினான்குக்குச் சடாரென்று இறங்கும் கோடு. மேலிடத்துக்கும் ஒரு பிரதி போயிற்று. எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். கத்தரிக்கு மட்டும் ரெண்டு.

அடுத்த வியாழக்கிழமை காலை, அந்த ஃபங்ஷன் அட்டவணை போட்டுக் கொடுக்கும் மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே இருபது வருஷமாகத் தலைமை நர்ஸாக இருக்கும் அம்மாள்தான் பேசினார்.

“ஏம்மா, ஹெபடைடிஸ் பி இருக்கற நோயாளியை எங்க போடணும்?”

“தனி அறை மெஷின்லதான் சிஸ்டர்.”

“உங்க அட்டவணை அவரைப் பொது ஹால்ல நாலாம் நம்பர் மெஷின்ல போட்டிருக்கு. அவர் எழுந்தா அதே மெஷின்ல அடுத்தவர் படுக்கணும், ரத்தம் வழியா தொத்திக்கும். நான் ஃபைலைப் புரட்டாம விட்டிருந்தேன்னா?”

“இன்னும் மாட்டலையே சிஸ்டர்?”

“மாட்டியிருந்தா நான் இப்படி நிதானமா பேசிட்டு இருப்பேனா? மாட்டல. ஆனா என்னன்னு பாரு.”

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஃபங்ஷனைத் திறந்தால் அது இன்னொன்றைக் கைகாட்டியது. அதைத் திறந்தால் அது வேறொன்றை. ‘இந்த கவுண்ட்டர் இல்லீங்க, அந்த கவுண்ட்டர்ல போய்க் கேளுங்க’ என்று அலையவிடும் அலுவலகம் மாதிரி இருந்தது. ஐந்தாவது கவுண்ட்டருக்குப் போனபோது முதல் கவுண்ட்டரில் என்ன சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. காகிதத்தில் அம்புக்குறி போட்டாள். அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நூல்கண்டு மாதிரி ஆயின. இத்தனைக்கும் அவளே எழுதியது. மசி காயவில்லை என்று சொல்லலாம், அவ்வளவு புதுசு.

மூன்று மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், பழைய ஆயிரத்து இருநூறு வரியைத் திறந்தாள். அவலட்சணம்தான். ஆனால் மேலிருந்து கீழே ஒரே மூச்சாகப் போயிற்று. நாற்பது நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டது. ஓர் இயந்திரம் பழுதானால் அதற்குப் பதில் வேறொன்றை மாற்றிக் கொடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே, கிட்டத்தட்டக் கடைசியில், ‘இந்த நோயாளிக்கு இந்த இயந்திரம் ஆகுமா’ என்று இரண்டாம் தடவையாக ஒரு சோதனை. மேலே ஏற்கெனவே இருப்பதுதானே, வீணாக எதற்கு ரெண்டு என்று அவள்தான் அந்த இரண்டாவதை வெட்டியிருந்தாள். தனி அறை இயந்திரம் அன்றைக்குப் பழுது. மாற்று இயந்திரம் வந்தது. ‘ஆகுமா’ என்று கேட்க ஆள் இல்லை.

பழைய நிரலையே திரும்ப ஏற்றிவிட்டு, மையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கணவன் இந்த முறை நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

“அந்தப் பழசுல ஒரு வரி சொல்லேன், கேப்போம்,” என்றான்.

அவளுக்கு மனப்பாடமாகவே இருந்தது. “செவ்வாய்க்கிழமையா இருந்து, ரெண்டாவது ஷிப்டும் நிறைஞ்சு, ஆனா நோயாளி வாகனத்துல வர்றவரா இல்லாம இருந்தா, இல்லன்னா வாகனத்துல வந்தும் துணைக்கு ஆள் இருந்தா, மூணாம் ஷிப்டுக்கு மாத்து. ஆனா முன்னாடியே ஒரு தடவ மாத்தியிருந்தா மாத்தாதே.”

“இப்படிப்பட்ட வாக்கியம் எனக்கு வாரத்துக்கு நாலு வரும். நடுவுல புள்ளி வச்சு ரெண்டா உடைச்சா நீளம் குறையும். புரியாது. நான் எழுதினவரைக் கூப்பிட்டு ‘நீங்க சொல்ல வந்தது என்னங்க’ன்னு கேட்டுடுவேன். வாயால சொல்லும்போது பாதிப் பேர் அழகாச் சொல்லிடுவாங்க.”

“மீதிப் பாதி?”

“என்ன சொல்ல வந்தோம்னு அவங்களுக்கே தெரியாது. அந்த வாக்கியத்தை எடுத்துடுவோம்.”

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனாள். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவர் முகம் வெளிறிப்போயிற்று. அந்த நோயாளியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“அப்ப இருநூத்திப் பதினாலும் திரும்பி வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார்.”

“நான் மேல அனுப்பிட்டேனே.” வரைபடத்தின் ஓரத்தை நகத்தால் பிறாண்டினார். பிறகு சட்டென்று குரல் ஏறியது. “அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? அளக்கவே வேண்டாங்கறீங்களா?”

“அளக்கணும் சார். அளந்ததாலதான் இப்படி ஒண்ணு இருக்கறதே நமக்குத் தெரிஞ்சுது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். காய்ச்சல் நூத்தி மூணுன்னு தெர்மாமீட்டர் சொல்லுச்சு. நான் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணில முக்கி எடுத்துட்டு வந்து, பாருங்க குறைஞ்சுடுச்சுன்னு காட்டிட்டேன். எண் குறைஞ்சுது. படிக்கிறவங்க மண்டைக்குள்ள தூக்கிச் சுமக்க வேண்டியது ஒரு பொட்டுகூடக் குறையல. ஒரே இடத்துல கிடந்ததை முப்பத்தோரு இடத்துல இறைச்சு விட்டதுதான் மிச்சம்.”

மேலாளர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“எனக்கு மூணு நாள் காலைல மையத்துக்குப் போகணும் சார். அந்த ஆயிரத்து இருநூறு வரியையும் அச்சடிச்சு எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு ‘என்றா’லுக்கும் ஏன்னு கேக்கணும். நீங்களும் வரணும்.”

“நான் எதுக்கு?”

“எழுதினவர் நீங்கதானே.”

“பதினோரு வருஷம் ஆச்சு. இப்பப் பார்த்தா எனக்கே வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு,” என்றார். குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் மையத்து வாசலில் இறங்கியபோது, கையில் ரெண்டு கலர் பென்சிலோடு அவர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

மையம் ஒரு நீளமான ஹால். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று பன்னிரண்டு படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. தலைமை நர்ஸின் மேஜை ஹாலின் நடுவில், எல்லாப் படுக்கையும் கண்ணில் படுகிற மாதிரி இருந்தது. காகிதக் கட்டைப் பார்த்ததும் அவர் மூக்கின் மேல் விரல் வைத்தார்.

“இவ்வளவுமா என் அட்டவணை?”

“இவ்வளவும்தான் சிஸ்டர். நான் ஒண்ணு ஒண்ணா சொல்றேன். நீங்க ஆமா, இல்லன்னு சொன்னா போதும்.”

ஆரம்பித்தார்கள். கத்தரி ஒவ்வொரு நிபந்தனையையும் பேச்சுத் தமிழில் சொல்வாள். நர்ஸ் பதில் சொல்வார். மேலாளர் பென்சிலால் குறிப்பார். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் அடித்துவிடலாம். நடுநடுவே ஏதாவது ஓர் இயந்திரம் கீச்சிடும். நர்ஸ் எழுந்து போய், குழாயைச் சரிசெய்து, நோயாளியிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

“மூணாம் ஷிப்ட் நிறைஞ்சிருந்தா…”

“மூணாம் ஷிப்டை எடுத்து ஏழு வருஷம் ஆச்சும்மா. யாரையாவது அதுல போட்டு வந்தா நானே மாத்திடுவேன்.”

மேலாளர் சிவப்புப் பென்சிலால் அரைப் பக்கத்தை அடித்தார்.

“புதன்கிழமை மத்தியானம் புது நோயாளி கூடாது.”

“அது அப்ப இருந்த டாக்டருக்காக. அவர் ரிட்டயர் ஆகிப் பேரன் பேத்தி எடுத்தாச்சு.”

“பதினோராம் மெஷினுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஓய்வு.”

“அந்தக் கிழடைக் காயலான் கடைக்கே போட்டாச்சு. இப்ப இருக்கற பதினொண்ணு தங்கம்.”

முதல் நாள் முடியும்போது அறுபத்து மூன்று நிபந்தனைகளைப் பார்த்திருந்தார்கள். முப்பத்தொன்று செத்துப் போயிருந்தன. செத்தவை எல்லாம் நிரலுக்குள் இத்தனை வருஷமாக, வாரா வாரம், யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. மேலாளர் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டே, “நான் எதையும் யோசிக்காம எழுதல,” என்று பொதுவாகச் சொன்னார். “ஒவ்வொண்ணுக்கும் அப்ப ஒரு காரணம் இருந்துச்சு.”

“அது தெரியுது சார்,” என்றாள் கத்தரி. உண்மையாகத்தான் சொன்னாள்.

இரண்டாம் நாள் பத்து மணி வாக்கில் அவள் ஒரு நிபந்தனையில் தடுமாறி நின்றாள்.

“சிஸ்டர், இது விசித்திரமா இருக்கு. நோயாளி எண் நாலாயிரத்து நூத்திப் பதினேழும், நாலாயிரத்து நூத்திப் பதினெட்டும் ஒரே நாள்ல, ஒரே ஷிப்ட்ல வரவே கூடாது. என்ன ஆனாலும் கூடாதுன்னு மூணு இடத்துல எழுதியிருக்கு.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள்.

நர்ஸ் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். பக்கம் பக்கமாக அதே ரெண்டு எண்கள். ஒவ்வொரு வாரமும் அட்டவணை வந்ததும், நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டை இடம் மாற்றி, அந்த இடத்தில் இருந்தவரை வேறு இடத்துக்கு நகர்த்தி, அவருக்குத் தொலைபேசியில் சொல்லி என்று கையாலேயே செய்த மாற்றங்கள். ஆறு வருஷக் கணக்கு.

“ஒன்பதாம் படுக்கையும் பத்தாம் படுக்கையும் பாருங்க,” என்றார்.

பார்த்தார்கள். எழுபதை ஒட்டிய ரெண்டு ஆண்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணன் தம்பி. தம்பிக்குப் பார்வை போயிட்டு வருது. அதனால அண்ணன் படிச்சுக் காட்டுவார். அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போடச் சொல்லி நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன். உங்க மெஷின் மாட்டவே மாட்டேன்னுது. நானே மாத்தி மாத்தி எழுதிட்டிருக்கேன்.”

“எங்ககிட்ட ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே சிஸ்டர்?”

“கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். ரத்த வகையோ என்னமோ. நமக்கென்ன தெரியும்.”

மேலாளர் அந்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

“சிஸ்டர், இதைச் சொன்னது நீங்கதான்.”

“நானா?”

“நீங்கதான். ஃபோன்ல. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருது. ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டு, ‘தம்பி, இந்த ரெண்டு பேரும் ஹால்லயே கைகலந்துட்டாங்க, இனிமே ஜென்மத்துக்கும் ஒண்ணாப் போடாதே’ன்னு கத்தினீங்க. நான் அன்னிக்கே எழுதினேன். மறந்துடக் கூடாதேன்னு மூணு இடத்துல எழுதினேன்.”

நர்ஸின் வாய் திறந்தபடியே நின்றது. “ஐயோ, ஆமா! வீட்டுச் சுவர் தகராறு. ஊசி குத்தின கையோட எழுந்து அடிச்சுக்கப் போயிட்டாங்க, ரத்தம் தெறிச்சுது.” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அதெல்லாம் தீர்ந்து, சுவரையே இடிச்சு, ஒண்ணாச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சே தம்பி!”

“எனக்கு யார் சொன்னா?”

“எனக்கே மறந்து போச்சே!”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நர்ஸ்தான். புடவைத் தலைப்பு இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பார், சீருடையில் அதற்கு வழியில்லை. அவர் சிரித்த சிரிப்பில் ஒன்பதாம் படுக்கைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி, “என்ன சிஸ்டர், மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவங்களா?” என்று கேட்டார்.

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க,” என்றார் மேலாளர். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்த ரெண்டு படுக்கைகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசினார் என்று கத்தரிக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த வரியை அழுத்தி அடித்தார். மூன்று இடத்திலும்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில், காரில், “நான் எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல,” என்றார். பிறகு, “ஏன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம்,” என்றார்.

மூன்றாம் நாள் முடிவில் இருநூற்றுச் சொச்சம் நிபந்தனைகளில் தொண்ணூற்றேழு மிஞ்சின. அவற்றிலும் முக்கால்வாசி ஒரே மாதிரியானவை. எந்த இயந்திரம் எந்த நாளில் கிடையாது, எந்த நோயாளிக்கு எந்த நேரம் ஒத்துவராது என்ற விவரங்கள். அவற்றுக்கு ‘என்றால்’ எதற்கு? கத்தரி அவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக ஆக்கிப் பக்கத்தில் வைத்தாள். நர்ஸே திறந்து திருத்திக்கொள்ளலாம். பட்டியலைப் பார்த்து இடம் பிடித்துக் கொடுக்கும் வேலையைச் சின்னச் சின்னதாக நாலு ஃபங்ஷன்கள் செய்தன. ஒவ்வொன்றுக்கும், அந்த ஹாலில் அதை எப்படிச் சொல்வார்களோ அதே பெயர்.

கடைசியாக ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. நோயாளியைப் படுக்க வைத்து ஊசி குத்துவதற்கு முன், அந்த அம்மாள் கையில் ஃபைலை வைத்துக்கொண்டு என்னென்ன பார்ப்பாரோ, அதே வரிசையில், அதே கேள்விகள். தனி அறை நோயாளியா? இயந்திரம் கிருமிநீக்கம் ஆகிவிட்டதா? மாற்று இயந்திரமா? மாற்று என்றால் இவருக்கு ஆகுமா? யார் எங்கே எதை மாற்றினாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டாமல் அட்டவணை வெளியே போகாது. கருவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எண் போட்டது. பதினேழு.

மேலாளர் அவள் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். “ரெண்டு அதிகமா இருக்கே.”

“ஆமா சார்.”

“கடைசி ரெண்டைக் கழட்டி வேற ஃபங்ஷனுக்குத் தள்ளிட்டா பதினஞ்சு ஆயிடும்.”

“ஆயிடும் சார்.”

அவள் மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து படித்தார். எங்கேயும் திரும்பிப் போகவில்லை. கடைசி வரி வந்ததும் விரலை எடுத்தார்.

“சரி, இருக்கட்டும்,” என்றார். “மேல நான் பேசிக்கறேன்.”

ஏற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தலைமை நர்ஸும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று கத்தரி கேட்டுக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை, தன் ஷிப்டை முடித்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கே வந்தார். கூட்ட அறையில் உட்கார வைத்து, பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் எழுத்தெல்லாம் எனக்கு எங்கே புரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார். நாலு வரி போனதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. தலையை ஆட்டியபடி, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஃபைலைப் பார்ப்பது போலவே பார்த்தார். கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்தார். இன்னொரு தடவை கீழே போனார்.

“எடை எங்க?” என்று கேட்டார்.

“என்ன எடை சிஸ்டர்?”

“வாரத்துல ஒரு தடவ எல்லாருக்கும் ரெண்டு நாள் இடைவெளி விழும்ல? அதுக்கு அப்புறம் வர்றப்ப சில பேருக்கு உடம்புல நீர் நிறையச் சேர்ந்திருக்கும். எடை கூடிப் போயிருக்கும். அவங்களுக்கு நாலு மணி நேரம் போதாது, கூட அரை மணி வேணும். அந்தக் கேள்வி இதுல இல்லையே.”

மறுபடியும் எதையோ வெட்டிவிட்டோமா? கத்தரி பழைய காகிதக் கட்டைக் கொண்டுவந்து புரட்டினாள். மேலாளரும் பாதியை வாங்கிப் புரட்டினார். ஆயிரத்து இருநூறு வரியிலும் அது இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

“இதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?”

“நான் பாத்து யாரையாவது தள்ளிப் படுக்க வைப்பேன். ஹால்ல ஒரே கசமுசாவா இருக்கும். திங்கட்கிழமைன்னாலே அப்படித்தான்னு நெனச்சுக்குவேன்.” நர்ஸ் காகிதத்தை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். “பதினோரு வருஷத்துல இது இதுக்குள்ள இல்லங்கறதே எனக்குத் தெரியாது. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே என்ன இல்லன்னு தெரியும்.”

கத்தரி அவரைப் பார்த்தாள். கருவி பச்சை காட்டிய அன்றைக்கு வராத நிம்மதி இப்போது வந்தது. ஒரு நர்ஸ் ஒரு பக்கத்தைப் படித்து, அதில் இல்லாத ஒரு வரியைக் கண்டுபிடித்திருக்கிறார். இதைவிடப் பெரிய சான்றிதழை எந்தக் கருவியும் கொடுக்காது என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தாள். எதற்காக என்பதையும் மேலே ஒரு வரியில் எழுதினாள். யார் சொன்னது, எந்தத் தேதி என்பதுவரை.

“இப்ப எவ்வளவு?” என்றார் மேலாளர்.

“பதினெட்டு சார்.”

அவர் தன் அறைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமை மேலிடத்தோடு தொலைபேசியில் இருபது நிமிஷம் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். முதல் பத்து நிமிஷம் அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து, வரி வரியாக, தொலைபேசிக்குப் படித்துக் காட்டினார்.

வெளியே வந்ததும், “அந்த ஒண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துட்டாங்க,” என்றார். பதினைந்து என்ற வரம்பு மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியேதான் இருந்தது. ஆனால் சிவப்பாக வருகிற எதையும் வெட்டுவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்துகிறவரிடம் ஒரு காலைப் பொழுதாவது போய் உட்கார வேண்டும் என்று அவரே ஒரு விதியைச் சேர்த்தார். சிலர் முணுமுணுத்தார்கள். பயணப்படி உண்டா என்று பின்வரிசை கேட்டது. உண்டு என்றதும் முணுமுணுப்பு அடங்கியது.

புது நிரல் ஏறிய முதல் திங்கட்கிழமை, பதினோரு மணி வரை கத்தரி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பொறுக்கமாட்டாமல் அவளே மையத்தைக் கூப்பிட்டாள்.

“எப்படி இருக்கு சிஸ்டர்?”

“எது?”

“அட்டவணை.”

“அதுவா? அது பாட்டுக்கு இருக்கு. ஏம்மா, ஏதாவது வேணுமா? நான் சாப்பிடப் போறேன்,” என்றார் நர்ஸ். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் சாப்பிடப் போவது இதுதான் முதல் தடவை என்பது கத்தரிக்குத் தெரியாது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.